அம்மா வேலையை விட்ட காலை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். இங்க ரெண்டு பேரும் சுகம்னு ஒரு வரி எழுதி ஒட்டிடலாம்னுதான் பார்த்தேன், மனசு கேக்கலை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாசம் ஆச்சு, நடை தேறிடுச்சு, வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேக்கலை, பேசும்போது நடுநடுவுல வார்த்தை தொலைஞ்சு போகுது. அவ நெட்வொர்க் ஆபீஸ் மேனேஜர் நல்ல மனுஷன், மாசக் கடைசிக்குள்ள தயாராகி வாங்க, உங்க நாற்காலி அப்படியே இருக்குன்னு சொன்னார். அதுக்காக உன் ரூம்ல ஒரு பழைய சர்வர் கம்ப்யூட்டரை வச்சு, நிஜ சுவிட்ச் இல்லாம அதுக்குள்ளயே சுவிட்ச் ஓட்டிப் பழக ஆரம்பிச்சா. பஸ் ஓட்டினவனுக்கு சுவிட்ச்னா லைட் போடுறதுதான். இது கம்ப்யூட்டருங்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற பெட்டியாம், பெட்டி மொத்தமும் ஒரே ஃபைலா வருதாம், அதுக்குப் பேரு இமேஜாம். எங்க, போட்டோவைக் காட்டுன்னு கேட்டேன், எத்தனையோ நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சா.

அவ சொல்லச் சொல்ல நான் ஒத்தை விரலால தட்டினேன். முதல் சுவிட்ச் எழுந்திருக்கிறதும் விழுறதுமா இருந்துச்சு, மெமரி பத்தலைன்னு அவளே கண்டுபிடிச்சு கூட்டிக் குடுத்தா, நின்னுடுச்சு. அதையே நகலெடுத்து ரெண்டாவதை ஓட்டினோம். ரெண்டும் ஓடுது, ஆனா பங்காளிச் சண்டை மாதிரி ஒண்ணை ஒண்ணு ஏறெடுத்துப் பார்க்கலை. மூணு நாள் சரியா சாப்பிடாம தேடினா. நாலாம் நாள் காலையில பிடிச்சுட்டா, நகல்ங்கிறதால ரெண்டுக்கும் ஒரே அடையாள எண், மாத்த மறந்திருக்கா. மாத்தினதும் பேசிக்கிச்சு. நான் கை தட்டினேன், அவ அழுதுட்டா. ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் குடுக்குற விஷயம் இதுன்னா. இதுக்கு மூணு நாளா, நாங்க பார்க்குற ஆஸ்பத்திரி நெட்வொர்க் லைன் மூணு நாள் நின்னா யார் உசுருக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்டா. இடது கையால கோணல்மாணலா ரெண்டே வரி எழுதி அன்னிக்கே வேலையை விட்டுட்டா. மேனேஜர் போன்ல எவ்வளவோ கெஞ்சினார், அசையலை.

உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கேட்டா, நான் பண்ணலை. நீ உடனே கிளம்பி வராதே, வேளாவேளைக்கு சாப்பிடு, ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. போன்ல அம்மா வார்த்தை தேடித் தடுமாறினா நீ எடுத்துக் குடுக்காதே, எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு. அவளே சொல்லட்டும்.

என்றும் உன் நினைவா,
அப்பா