அரைப் பீப்பாயில் வெற்றிலை

பிப். 3, திங்கள்

பத்து நாளாக மழை இல்லை. ஈப்போவில் இப்படி ஒரு வறட்சி. வெற்றிலை நட்ட மரப் பீப்பாய் காய்ந்து சுருங்கி, அதன் இரும்பு வளையம் கீழே நழுவிவிட்டது. சுத்தியலால் தட்டி மேலே ஏற்றினேன். திரும்ப நழுவாமல் நாலு இடத்தில் ஆணி. கட்டைவிரல் நசுங்கியது. நகம் கறுப்பு.

மூன்று அரைப் பீப்பாய்கள். கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக, செங்கல் மேல். கருவேப்பிலை ஒன்றில், கத்தரி ஒன்றில், வெற்றிலை ஒன்றில். டவுனில் ஒரு பீர்க்கடை மூடியபோது தம்பி தன் லோரியில் இரண்டு முழுப் பீப்பாய் ஏற்றி வந்தான். அவனே குறுக்கே அறுத்தான். அவனே அடியில் துளை போட்டான். நாலில் ஒன்று அறுக்கும்போதே பிளந்துவிட்டது. "இங்க எல்லாம் சிமெண்டு. ஒனக்கு இதான் தோட்டம் லா, அக்கா" என்றான். அன்றைக்கு நல்ல தம்பி.

முதல் மாதம் முழுக்கச் சாராய வாடை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "ஒன் கத்திரிக்கா கொழம்பு சாப்புட்டா மப்பு ஏறுது" என்பாள்.

தம்பி மனைவி வசந்திக்கு இவை பீப்பாய் இல்லை, தோங். மலாயில் பீப்பாயும் தோங்தான், குப்பைத் தொட்டியும் தோங்தான். அவளுக்கு ரொம்ப வசதி. இன்றைக்கும், "அண்ணி, ஒங்க தோங்ல கொசு லா." அடியில் துளை இருக்கிறது, தண்ணீர் தேங்காது, கொசு வராது என்றேன். "எனக்கென்ன தெரியும்" என்று உள்ளே போனாள். எல்லாம் தெரியும்.

பிப். 4, செவ்வாய்

வருகிற ஞாயிறு கவிதாவுக்கு நிச்சயம். தம்பி மகள். பினாங்கில் வேலை. மாப்பிள்ளை தைப்பிங்.

தட்டு ஏழு. யார் எந்தத் தட்டு எடுப்பது என்று வசந்தி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். என் பெயர் இல்லை. புருஷன் இல்லாதவள் தட்டு எடுக்கக் கூடாது, தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நெஞ்சு எரிந்தது. அம்மாக்காரி ஷிப்ட் போன காலத்தில் அந்தப் பிள்ளைக்குப் பால் கரைத்ததும் பீ கழுவியதும் இந்தக் கைதான். அப்போது யாரும் சாஸ்திரம் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டேன். "தட்டுல வைக்கிற வெத்தல என்னோடதா இருக்கட்டும்." வ. ஏழு தட்டையும் மறுபடி எண்ணினாள். போனில் இருந்த கவிதாதான், "அத்தை வெத்தலதான் வைக்கணும்" என்றாள். அதோடு அது முடிவானது.

செய்ய வேண்டியது:
தண்ணீர் இரண்டு வேளை.
குளிக்காமல் கொடியைத் தொடக் கூடாது.
பூச்சி அரித்த இலைகளைக் கிள்ள வேண்டும்.
சனி காலை வெயிலுக்கு முன் பறிப்பு. நூற்றொன்று தேறும். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

பிப். 5, புதன்

காலையில் கிளினிக். பிரஷர் மாத்திரை. மத்தியானம் திரும்பினேன். வாசல் காலி.

செங்கல் மட்டும் வைத்தபடியே இருக்கிறது. கேட் ஓரம் ஒரு வெற்றிலை, மிதிபட்டு.

வ. சமையலறையிலிருந்தே பேசினாள். "பெரிய குப்பை லோரி வந்துச்சு அண்ணி. ஒடஞ்ச தோங்க எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். அவங்களுக்கு வெளங்கல போல."

உடைந்த பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி அங்கேயே நிற்கிறது, மூடி இல்லாமல்.

தம்பிக்குப் போன் போட்டேன். லோரி எங்கே கொட்டும், போய்ப் பார்க்கலாமா? "வேலையில இருக்கேன் அக்கா. பொறவு பேசலாம்."

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப். 6, வியாழன்

மழை. இன்றைக்குப் பார்த்து நல்ல மழை.

அஞ்சலை அக்கா துணி எடுக்க வந்தவள், வேலி ஓரமாக நின்று குரலை இறக்கினாள். "நான் சொன்னேன்னு சொல்லாத. மண்ணோட கனம், நாலு பேரு சேந்துதான் தூக்குனாங்க. அவ கேட் பக்கத்துல நின்னு 'தோங் காயு, தோங் காயு'ன்னு ரெண்டு தடவ சொன்னா. காதால கேட்டேன்."

காயு என்றால் மரம். பிளாஸ்டிக் தொட்டியைக் காயு என்று எந்த மடையனும் சொல்ல மாட்டான்.

தம்பி வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாப்பிள்ள வீட்டுலேருந்து நாலு காரு வருது. எங்க நிப்பாட்டுறது, நீயே சொல்லு" என்றான்.

ஆக, அவனுக்கும் முன்பே தெரியும். அறுத்துக் கொடுத்த கைதான் தூக்கவும் சொல்லியிருக்கிறது. அவள் வேற்று வீட்டுப் பெண், போகட்டும். இவன் என்கூடப் பிறந்தவன்.

அழுதேன். இதில் என்ன வெட்கம்.

பிப். 8, சனி

பறிப்பு நாள்.

தம்பி லிட்டில் இந்தியாவில் வெற்றிலை வாங்கி வந்தான். உள்ளங்கை அகலம், பச்சைப் பசேல். நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே எரிச்சல்.

கவிதா மாலையில் வந்தாள். காலி வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் அம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்ல அத்தை, வெத்தலதானே" என்று தோளைத் தட்டிவிட்டு மருதாணி வைக்கப் போய்விட்டாள்.

வெற்றிலைதான்.

பிப். 9, ஞாயிறு

நாலு கார் என்றார்கள். வந்தது இரண்டு. இரண்டும் ரோட்டிலேயே நின்றன. பீப்பாய் இருந்த இடத்தில் செருப்புகள்.

எனக்கு அடுப்படி. கேசரி, வடை. கூடத்தில் தட்டு மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா குரல். "வெத்தல நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?"

வ. கொஞ்சமும் தயங்கவில்லை. "வாங்கல சம்மந்தி. நம்ம வீட்டுலயே வெளஞ்சது. எங்க அண்ணி வளக்குறாங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். தட்டுக்கு ஆகாதவள் பொய்க்குச் சாட்சியாக ஆவேன் போல. கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அந்த அம்மா நல்ல மாதிரி. பக்கத்தில் உட்காரச் சொன்னார். "எனக்கும் ஒரு கொடி வெட்டிக் குடுங்க அக்கா. எதுல வச்சிருக்கீங்க?"

தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வ. என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன்.

"தோங்லதாம்மா இருக்கு. எந்தத் தோங்னு வசந்தியக் கேளுங்க."