இரண்டு பட்டை கட்டிய நெடுமாறன்

மந்தாரக்குப்பம்
3.3.2025

அன்புள்ள இசைப்பிரியாவுக்கு,

ஏழு கண்டமும் நடுங்கும் உன் தாய்மாமன் தனகோட்டி எழுதுவது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

சென்னையில் உட்கார்ந்து நீ செய்த கோபப் பட்டையை எங்கள் நிலக்கரி யார்டில் கான்ட்ராக்ட் ஆள் எல்லார் கையிலும் மாட்டிவிட்டார்கள். நேற்று சூப்பர்வைசரை அறைய ஓங்கினேன். பாதி வழியில் கை பூட்டிக்கொண்டது. அரை நிமிடம் சிலை மாதிரி நின்றேன். காக்கா உட்காராததுதான் குறை. உன் அத்தை உனக்குக் கோயில் கட்டப் போகிறாளாம்.

ஒரு சந்தேகம். கை ஓங்கினால் அது அடிக்கத்தான் என்று பட்டைக்கு எப்படித் தெரியும்?

மாமன்,
தனகோட்டி

சென்னை
8.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்தேன், பயந்தும் போனேன். இன்னொரு முறை பூட்டினால் உங்க வேலை போய்விடும். பட்டையைப் பற்றிய என் சோதனை அறிக்கை இருபதாம் தேதி போகிறது. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் இதே பட்டைதான். தசை முறுக்கத்தை வைத்தே அது கண்டுபிடித்துவிடும். பிழையே கிடையாது.

தயவுசெய்து கழற்றாதீங்க.

இசை

மந்தாரக்குப்பம்
15.3.2025

இசை,

கழற்றிவிட்டேன். வேலை போய்விடுமே என்றுதான். சும்மா கிடந்தால் காட்டிக்கொடுக்கும் என்று, என்னோடு யார்டில் வேலை செய்கிற நம்ம நெடுமாறனின் இன்னொரு கையில் மாட்டினேன். எறும்பைக்கூட வழிவிட்டுப் போகச் சொல்கிற ஆள் அவன். "மாட்டுங்கண்ணே, எனக்கு எங்க கோவம் வரப்போவுது"ன்னான்.

நேற்று எங்களோடு வேலை செய்கிற கனகத்தின் முந்தானை நிலக்கரி ஓடும் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்தில் நின்றவன் அவன்தான். இழுக்கப் பாய்ந்தான், இரண்டு கையும் பூட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பிய்த்தெடுப்பதற்குள் அவள் தோள் முறிந்துவிட்டது. என் பட்டை இல்லாதிருந்தால் அவனுக்கு ஒரு கையாவது பூட்டாமல் இருந்திருக்கும்.

நெடுமாறன் அவளைத் தாக்க வந்ததாக அவன் கையிலிருந்த இரண்டு பட்டையிலும் பதிவாம். ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். கனகத்துக்கு இன்னும் நினைவு வரவில்லை. நான் சொன்னால், "பட்டை பொய் சொல்லாதுய்யா" என்கிறார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். இரண்டாவது பட்டையை மாட்டியது நான்தான் என்று என் பெயரையும் எழுது. வேலை போனால் போகட்டும்.

தனகோட்டி

சென்னை
17.3.2025

மாமாவுக்கு,

ஸ்டேஷனுக்கும் கம்பெனிக்கும் இன்று எழுதிவிட்டேன். உங்க பெயரும் இருக்கிறது.

இழுப்பதற்கும் அடிப்பதற்கும் வித்தியாசம் பட்டைக்குத் தெரியாது. முதல் மாதச் சோதனையிலேயே எனக்கு அது தெரியும். பிழையே கிடையாது என்ற பொய்யை உங்களுக்கு எழுதியபோது என் கையிலும் ஒரு பட்டை இருந்தது.

அது பூட்டவே இல்லை, மாமா.

இசைப்பிரியா