எங்கள் தெருவில் யாருக்கும் குறையில்லை

அன்பு மகள் பிரேமலதாவுக்குப் பாலசமுத்திரத்திலிருந்து உன் நைனா ஏகாம்பரம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் பெண் பத்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீ அந்தக் குவைத்து வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நம் ஊர் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் அதை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவன். நாராயணவனத்துத் தாட்சாயணி லீவு முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாள், அவள் கையில் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, தரையில் உட்காராதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறாள், சொன்னால் எனக்குத்தான் நாலு வார்த்தை விழுகிறது. இந்த வருஷம் தோத்தாபுரி மாங்காயை வாங்க ஆளில்லை, பாதிக் காயை மரத்தடியிலேயே அழுக விட்டோம். பத்மா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், தெலுங்கில் கடகடவென்று படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன், என்னைவிட அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் தாள் தீர்ந்துவிடும். வறுமையைக் குறைக்க என்று சர்க்கார் புதிதாக ஒரு கமிஷன் போட்டிருக்கிறது, தெலுங்கில் பேதரிக கமிஷன் என்கிறார்கள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத வீடுகளில் வேலை நின்றுபோகும் மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு, அந்த மாதங்களில் எந்தத் தெருவுக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலையாம். நம் மண்டலத்தில் நம் தெருவுக்கும் வருகிறார்கள் என்று ஊர்ச் சச்சிவாலய ஆபீசில் வேலை செய்கிற ஹேமநாத் வந்து சொன்னான், பெரியவர் நீங்கள்தான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றான். அந்த நாலு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. வருகிறவர்கள் நம் கஷ்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நம் கை சும்மா இருக்குமா. நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், மேலத்தெரு தணிகாசலத்திடம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டேன், உன் அம்மா வடையும் பாயசமும் செய்தாள், கிழிந்த பாயை மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்தோம். என் நைனா அதே மேலத்தெருக்காரர் வீட்டுப் பின்வாசலில் கஞ்சிக்குச் சட்டி ஏந்தி நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். என் வாசலுக்கு வருகிற எவரும் என்னை அந்த மாதிரி பார்க்கக்கூடாது என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன், அது ஐம்பது வருஷமாகியும் போகவில்லை.

கமிஷனில் ஒரு அம்மா, திருப்பதிக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எங்களுக்கு அப்படி மாதமே கிடையாது, என் மகள் குவைத்தில் ஆஸ்பத்திரி ஆபீசில் இருக்கிறாள் என்றேன். ஊருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா பாயசத்தைக் குடித்துவிட்டு எதிர்வீடு பூட்டியிருக்கிறதே, அவர்கள் எப்படி என்று கேட்டார். எதிர்வீடு யாருடையது, நம் கங்கம்மா அத்தை வீடு. அவள் அன்றைக்கு மாங்கூழ் ஃபேக்டரிக்குக் காய் சீவப் போயிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, “எங்க தெருவுல யாருக்கும் ஒரு கொறையும் இல்லம்மா, அல்லாரும் நல்லாத்தான் கீறாங்க” என்றேன். தெருவின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

ஆடி மாதத்தில் லிஸ்ட் வந்தது, நம் தெருவுக்கு நேராக அவசியமில்லை என்று போட்டிருந்தது. அதற்குள் கங்கம்மாவுக்கு ஃபேக்டரியில் கத்தி பட்டுக் கட்டைவிரலில் தையல் போட்டிருந்தார்கள், சீசனும் முடிந்து வேறு வேலைக்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள், புருஷன் போனவள், அவளுக்கு யார் இருக்கிறார்கள். நீ விமானம் ஏறின அன்றைக்குப் பத்மா உன்னைத் தேடி ஜுரமாகக் கிடந்தபோது மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வந்து சண்டை போட்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். வாசற்படியில் நின்று மெதுவாகத்தான் கேட்டாள், “என் மானத்தக் காப்பாத்திக் குட்த்தண்ணா, செரி. அத்த வச்சிக்கினு நான் இன்னா துன்றது?” உன் அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

ஹேமநாத்தைப் போய்க் கேட்டேன், சித்தூரில் விசாரணை முடிந்துவிட்டது, கடைசியாகத் திருப்பதியில் ஒன்று இருக்கிறது, எழுதினதை மாற்ற வேண்டும் என்றால் சொன்ன ஆளே வந்து சபையில் சொல்ல வேண்டும் என்றான். கங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு கார்வேட்டி நகரம், புத்தூர் வழியாக பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் உன் நினைப்புத்தான். நீ கிளம்பும்போது பத்மா தலையில் என் கையை வைத்து, நான் வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக இவளுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயே, அந்தக் கை மடியில் கிடந்து கனத்தது. உன் பேச்சை எடுக்காமல் கங்கம்மா விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். தெலுங்கில் மனப்பாடம் பண்ணியிருந்தேன், மைக்கைப் பிடித்ததும் தமிழ்தான் வந்தது. நான் சொன்னது பொய் என்றேன். அந்தத் திருப்பதி அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, எது எது பொய் பெரியவரே என்று கேட்டார். ஒன்றைப் பொய் என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எப்படி நிஜம் என்று சொல்வேன், என்னை யார் நம்புவார்கள். பின்னால் தணிகாசலம் இருக்கிறார், நம் மண்டலத்து ஆட்கள் முப்பது பேர் இருக்கிறார்கள். “என் மக ஆஸ்பத்திரி ஆபீசுல இல்லம்மா. ஒருத்தங்க வூட்ல பாத்திரம் கழுவிக்கினு, அவங்க கெழவியத் தூக்கி ஒக்கார வச்சிக்கினு கீது. இங்க வழி இல்லாமதான் போச்சி. எதிர்வூட்டுக்கு அந்த வழிகூட இல்ல” என்றேன். சொல்லிவிட்டேன் அம்மா. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சபையில் உன்னை எடுத்து வைத்துவிட்டேன். கங்கம்மாவுக்குச் செய்த பாவத்தைக் கழுவப் போய் உனக்கு ஒரு பாவம் செய்துவிட்டேன், எது பெரிசு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தெருவை மறுபடி வந்து பார்ப்பதாக எழுதிக்கொண்டார்கள், வருவார்களா என்று வந்தால்தான் தெரியும். வந்தால் கங்கம்மாதான் பேசுவாள், நான் வாயைத் திறக்கமாட்டேன், நாற்காலியும் கேட்கமாட்டேன். ஆனால் நாங்கள் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் பத்மா உன் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுந்து வந்து சொன்னாள், “எனக்கு முன்னியே தெரியும் தாத்தா. போன்ல பேசறப்ப அம்மா வெரல் எல்லாம் ஊறிப்போய் இருக்கும். உனக்கு வெக்கமா இருக்கும்னுதான் நான் கேக்கல.” ஒன்பது வயசுப் பிள்ளை இத்தனை நாளாக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்த வீட்டில் நான் வேறு எதைச் சொல்லிக் கொடுத்தேனோ இல்லையோ, இதைக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ எப்போது மனசு ஆறுகிறாயோ அப்போது பேசு, அதுவரைக்கும் பத்மாவிடமும் அம்மாவிடமும் மட்டுமாவது பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், தாட்சாயணியிடம் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இனி வெள்ளிக்கிழமை பேசும்போது ஆபீஸ் மாதிரி தெரியட்டும் என்று வெள்ளைச் சுவராகத் தேடிப்போய் உட்காராதே, அடுப்படியில் இருந்தால் அடுப்படியிலிருந்தே பேசு, கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை என்று பத்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நைனா
மு. ஏகாம்பரம்