கழுகுப்பாறை மறைவில் காத்திருக்கும் நாவாய்களுக்கு

வாழ்க வெண்கோட்டு வேந்தர். வற்றாதிருக்க அவர் நாட்டு ஆறுகள். கழுகுப்பாறையின் மறைவில் நாற்பது நாவாய்களோடு காத்திருக்கும் கடற்படைத் தலைவர் மாறங்காரியார் திருமுன், ஏழ்துறைத் தீவின் தலைநகரிலிருந்து அரச தூதர் விறலூர்கிழார் தம் கையாலேயே எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கட்கும் மாலுமிகட்கும் நலமே விளைக.

பரிசில் கொணர்ந்தவர்போல் நகர் புகுந்து, இங்குள்ள தமிழ் வணிகரை வசப்படுத்தித் கலங்கள் புகாதபடி துறைவாயிலில் கட்டிய சங்கிலியை இறக்குவிப்பதே தூதருக்கு இட்ட பணி. சபையில் மீசையை முறுக்கிக்கொண்டு அதற்கு ஒப்பியவரும் அவரே. ஆயின் துறையில் இறங்கிய அன்றே இந்நகரத்து வழக்கொன்றை அவர் அறிந்தார். இந்நகருக்கு வருபவர் எவராயினும் வேற்றினத்தார் ஒருவர் அவருக்கு ஆயுள் முழுதும் பிணை நிற்றல் வேண்டும். தன்னினத்தார் நிற்றல் ஆகாது. வந்தவர் நகருக்குத் தீங்கு சூழ்ந்தால், பிணை நின்றவரைத் துடுப்பில்லாப் படகில் ஏற்றிக் கடலில் விட்டுவிடுவர். தூதருக்குப் பிணை நின்றவள், துறையருகே சோற்றுக்கடை நடத்தும் சாவக நாட்டுப் பெண் மெலாத்தி.

தமிழ் வணிகர் தலைவர் வெண்ணாகனாரிடம் தூதர் தம் கருத்தை மெல்லத் திறந்தார். வணிகர் முகம் வெளுத்துப்போயிற்று. தமக்குப் பிணை நின்றவர் ஒரு சீனத் தச்சர் என்றும், தம் மகனுக்கோ ஓர் அரபுக் குதிரை வணிகர் பிணை என்றும், அவர்களைக் கடலுக்கு இரையாக்கிவிட்டுத் தாம் சோறு உண்பதெங்ஙனம் என்றும் கேட்டார். மெலாத்தியின் உயிருக்காகவே வாய் திறவாதிருப்பதாகவும், நாளை உச்சிப்பொழுதுக்குள் கலங்கள் அகலாவிடில் நகர்மன்றத்தில் அனைத்தையும் சொல்லிவிடுவதாகவும் உரைத்தார். இந்நகரத்து இனங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என நம் சபை கணக்கிட்டது பெரும்பிழை.

அது முதல் கோயில் மணி ஒலித்தாலும், தொழுகைக்கு அழைப்பு எழுந்தாலும், சீனர் முரசு அதிர்ந்தாலும் தம்மைப் பிடிக்கவே வருகின்றனர் எனத் தூதர் திடுக்கிடுகிறார். இன்று காலை மிச்சம் வைத்த இலையைப் பார்த்த மெலாத்தி, “ஏன் ஐயா சாப்பிடலை? புது ஊருன்னு பயமா? நான்தான் பிணை நிக்கிறேனே, பயப்படாதீங்க” என்றாள். அதன்பின் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

வேந்தரின் சினத்தைத் தூதர் அறியாதவரல்லர். தூதரின் மனைவியும் மகளும் அரண்மனை மதிலுக்குள்ளேயே இருக்கின்றனர்.

ஆயினும், வேந்தர் தூதருக்கு அளித்த முத்திரையின் பேரால் ஆணை இது: ஓலை கண்டவுடன் பாய் விரித்துத் தாயகம் திரும்புக. குற்றம் விறலூர்கிழார் ஒருவருடையதே எனச் சபையில் உரைக்க. அதற்கு முன்னரே விரைகலம் ஒன்றை அனுப்பி அவர் மனைவியையும் மகளையும் நம் தலைநகரினின்று கடத்துக. இஃது ஆணையன்று, இரப்பு.

எழுத்து நடுங்கியிருத்தல் கண்டு, எவரோ வாள் நீட்டி எழுதுவித்தனர் என ஐயுற வேண்டா. அறையில் அவரையன்றி ஒருவருமில்லை, அச்சம் அவருடையதே. முத்திரை இடப்பட்டது. கலங்களைத் திருப்புக.