அம்மா பார்த்த படம்

அக்காவுக்கு,

பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன்னு போன்ல சொன்னே. அதுக்குத்தான் எழுதுறேன்.

நீ அந்தக் காலத்துல நடிச்ச பேய்ப் படத்தை மெட்ராஸ்ல மறுபடியும் போடுறாங்க, உன்னைக் கௌரவிக்கப் போறாங்கன்னு எங்களைக் கூப்பிட்டே. நைனா இருந்தவரைக்கும் உன் படம் ஒண்ணைக்கூட அம்மாவைப் பார்க்க விட்டதில்லை. ஏரியில தடவி இறால் பிடிக்கிற கை நாறுதுன்னு எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவிட்டு அம்மா ஆசையாத்தான் கிளம்புச்சு.

தியேட்டர் முழுக்க உன் மூஞ்சி போட்ட பனியனோட காலேஜ் பசங்க. நீ வாயைத் திறந்தாலே சிரிப்பு. மந்திரவாதி உன் முடியைப் பிடிச்சு இழுத்துக் கழுத்தை வெட்டுறப்ப விசிலடிச்சு, "ஒன்ஸ்மோர்"னு கத்துனாங்க. திரும்பவும் போட்டாங்க. அம்மா எழுந்து, "இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? அது எம் பொண்ணுடா!"ன்னுச்சு. அதுக்கும் கைதட்டுனாங்க.

அம்மா உன்னைத் தேடுச்சு. முன்வரிசையில நீ எல்லாரையும்விட சத்தமா சிரிச்சுக்கிட்டிருந்தே. சிரிச்சாத்தான் அடுத்த தடவையும் கூப்பிடுவாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. அம்மாவுக்குப் புரியலை.

பொன்னேரி பஸ்ல ஊர் திரும்புனோம். மறுநாள் நம்ம கோட்டைக்குப்பத்து ஏரிக்கரையில ருக்கு அத்தை, "பெரியவ எப்படிக்கீறா?"ன்னு கேட்டாங்க.

"செத்துட்டா. நானே பார்த்தேன்"னுச்சு அம்மா.

அத்தை மாரடிச்சு அழுதாங்க. அம்மாவும் மணல்ல உட்கார்ந்து கூடவே அழுதுச்சு. சாயந்திரத்துக்குள்ள ஊரே வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போயிடுச்சு.

நானும் இல்லைன்னு சொல்லலை.

பொங்கலுக்கு வராதே.

உன் தங்கச்சி