மாமன் மடியில் போட்ட ஊசி

தங்கச்சி,

ஸ்பிரிட் பஞ்சு வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. இன்று உன் மகளுக்குத் தடுப்பூசி. அழுது ஓய்ந்து என் தோளில் தூங்குகிறாள். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சலில் நீ கண்ணை மூடியதிலிருந்தே இப்படித்தான். தின்கிற சோறு என்ன சோறு என்றுகூடத் தெரிவதில்லை.

முதல் தடவை நான் இவளைத் தூக்கிப் போனபோது, "தாயி பர்பேக்கு" என்று கன்னடத்தில் சொல்லி நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள். அம்மாதான் வரணுமாம். தெருவில் அம்மை பரவிய நேரம். நீயோ பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில். லீவு கேட்டால் வேலை போய்விடும். இவள் அப்பன் எப்போதோ ஓடிப்போனவன். பால் கரைத்ததும் தூளி ஆட்டியதும் நான். இந்தப் பெங்களூரில் என் அளவுக்குப் பிள்ளை வளர்த்த ஆம்பளை கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் கார் போட்டு வந்து நான் வளர்க்கிற அழகைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வார்டில் தாய்சேய் நலக் கூட்டம் போட்டார்கள். ஆயிரம் பேர் நடுவே நான் இங்கிலீஷில் போட்ட போட்டில் ஆபீசரே எழுந்து நின்றுவிட்டார்.

"அளக்காத அண்ணா. இருந்ததே இருபது பேர். அவர் தண்ணி குடிக்க எழுந்தாரு. நீ பேசின இங்கிலீஷ் 'சார்' மட்டும்தான்" என்பாய்.

சரி, பேசியது நீதான். வேலை போனாலும் போகட்டும் என்று பெர்மிஷன் போட்டு வந்து, இவளை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாய்:

"காது குத்த மாமன் மடியிலதான் உட்கார வைக்கிறோம் சார். தடுப்பூசிக்கு மட்டும் அந்த மடி ஆகாதா? அம்மா வேலைக்குப் போற வீடு இருக்கு. அம்மாவே இல்லாத வீடும் இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு அம்மை வராதா?"

கொஞ்ச நாளில் ஊசி போடும் மையத்துச் சுவரில் எழுதிப் போட்டார்கள்: வளர்ப்பவர் யார் வந்தாலும் ஊசி உண்டு.

இன்று அந்தச் சுவருக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா எங்கே என்று கேட்டால் சொல்ல நல்ல கதையாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். நீ துபாயில் சூப்பர்வைசர், உனக்குக் கீழே நூறு தையல்காரர்கள், தீபாவளிக்கு விமானத்தில் வருகிறாய்.

நர்ஸ் குழந்தை பெயரை மட்டும் கேட்டாள். "மடியில கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றாள். குத்தினாள். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்கவில்லை. நீ வாங்கிக் கொடுத்த நியாயம் அது. இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் மகளையும் சொல்லாத அந்தப் பொய்யையும் சுமந்துகொண்டு வீடு வந்தேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷமாவது நீ துபாயில் இருந்திருப்பாய்.