ஆறுதலுக்குப் பின்னியவள் இல்லை நீ

உங்கள் நகர் நலச் சங்கக் கமிட்டி நடத்திய உன் நினைவுக் கூட்டத்தில் கொடுத்த அட்டை என் மேசையில் கிடக்கிறது. வழவழப்பான தாள், ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் கண்ணாடி போட்ட உன் முகம். அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு வரி: "மழலைச் செல்வம் இல்லாத குறையைப் பின்னல் வேலையில் மறந்து, பிறர் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்து ஆறுதல் அடைந்தவர்."

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு நாளாகியும் அடங்கவில்லை. நீ எதையோ மறப்பதற்காகப் பின்னினாய் என்று இவர்களிடம் யார் சொன்னது? பன்னிரண்டு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் போனவள் நான். அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செத்துப்போனவள் வந்து சண்டை போடவா போகிறாள் என்ற தைரியம் அவர்களுக்கு. அதனால் உன் சண்டையையும் சேர்த்து நானே போட வேண்டியிருக்கிறது.

நாம் பேசத் தொடங்கியதே நூலால்தான். எண்பதுகளின் நடுவில், நான் கல்யாணமாகி இரும்புலியூருக்கு வந்த புதிது. எனக்கு எழும்பூரில் வேலை. உனக்குக் கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். தாம்பரத்தில் வண்டி காலியாக நிற்பதால் லேடீஸ் பெட்டியில் நமக்கு எப்போதும் ஜன்னலோரம் கிடைக்கும். ஒரு நாள் எதிர் சீட்டிலிருந்து, பேர்கூடக் கேட்காமல், "கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றாய். நீட்டினேன். இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கட்டுக் கம்பளி நூலை மாட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டாய். பல்லாவரம் வரைக்கும் விலங்கு போட்ட கைதி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுவில் சீசன் டிக்கெட் கேட்டு வந்தார்கள். நீயே என் கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினாய். இந்த உரிமையெல்லாம் உனக்கு யார் கொடுத்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் நானே போய் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டியில் அந்த வழக்கம் உன்னால் வந்தது. நம் கூட்டத்தில் யாராவது முழுகாமல் இருந்தால் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் தயாராகும். ஒருத்தி முதுகு, ஒருத்தி முன்பக்கம், கைகளுக்கு இரண்டு பேர். எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது நீ. அவள் பிரசவ லீவில் போவதற்கு முந்தின நாள் ஓடுகிற ரயிலிலேயே வளைகாப்பு. டிபன் டப்பாக்களில் எலுமிச்சம்பழ சாதம், புளிசாதம், கேசரி. மெட்ராஸ் வெயிலில் எந்தக் குழந்தை ஸ்வெட்டர் போடப்போகிறது என்று கேட்டேன். "ஸ்டுடியோல போட்டோ எடுக்கறப்போ போடட்டும். வேர்த்தா தொடைச்சு விடு" என்றாய்.

ஸ்டேஷன்கள்தான் நமக்கு அளவு. பல்லாவரத்தில் ஆரம்பித்தால் சைதாப்பேட்டைக்குள் எட்டு வரிசை முடியும். அடுத்து மாம்பலத்தில் கூட்டம் ஏறும். யாரையாவது குத்திவிடக் கூடாது என்று அதற்குள் ஊசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். கை எவ்வளவு நீளம் பின்ன வேண்டும் என்று கேட்டால் "நாலு நாள் சைதாப்பேட்டை" என்பாய்; நாலு நாள், சைதாப்பேட்டை வரும் வரைக்கும் பின்ன வேண்டும் என்று அர்த்தம். அதற்கு மேல் வரிசையை யாரும் எண்ணியதில்லை. ஒரு மழைநாளில் வண்டி மீனம்பாக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. நீ பேச்சு சுவாரசியத்தில் பின்னிக்கொண்டே இருந்தாய். சைதாப்பேட்டை வந்து தூக்கிப் பார்த்தால், அந்தக் கை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஆகும் நீளத்தில் தொங்கியது. பெட்டியே சிரித்தது. பிரித்துவிடு என்றோம். "சிரிச்சுக்கிட்டே பின்னினது, பிரிக்க மாட்டேன்" என்று மறுத்துவிட்டு, இன்னொரு கையையும் அதே நீளத்துக்குப் பின்னி, இரண்டு நுனியையும் மூடித் தைத்தாய். குழந்தை நகத்தால் முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்குமாம்.

இவளா குறையை மறக்கப் பின்னியவள்? பாரிமுனைக் கடையில் நூலைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, கடைக்காரர் முறைத்ததும் அவர் கன்னத்திலும் வைத்துப் பார்க்கச் சொன்னவளா? குரோஷாவில் உன் கண்ணாடிக்கு உறை, குடைப்பிடிக்குச் சட்டை, கடைசியில் ஆபீஸ் டைப்ரைட்டருக்கே ஓரமெல்லாம் பூ வைத்த போர்வை. அந்த டைப்ரைட்டருக்கு என்ன ஆறுதல் வேண்டியிருந்தது என்று அந்தக் கமிட்டிக்காரர்கள் சொல்லட்டும்.

அவர்களை இவ்வளவு திட்டுகிறேனே, எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்பாய். இல்லை. அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் நான்.

நான் உண்டாகியிருந்த வருடம். குரோம்பேட்டையில் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா நம் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். ஏதோ ஆபீஸில் சூப்பரின்டெண்ட். பெட்டியிலும் அவர் வைத்ததுதான் சட்டம் என்று இருப்பார். என் குழந்தைக்கான ஸ்வெட்டரை நீ மஞ்சள் நூலில் ஆரம்பித்திருந்தாய். ஒரு நாள் பல்லாவரத்தில் பூக்காரம்மா ஏறியதும், நீ பூ வாங்கக் கதவுப் பக்கம் போனாய். சூப்பரின்டெண்ட் அம்மா என் காதருகே குனிந்தார்.

"வயித்துல இருக்கற குழந்தைக்கு அவ கையால பின்ன வேணாம்மா. குடுத்தா வாங்கி வெச்சுக்கோ. குழந்தைக்குப் போட்டுடாதே."

எனக்குக் கோபம் வந்தது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"பாவம் மேடம் அவ. அவளுக்குன்னு வேற என்ன இருக்கு? ஏதோ இதுலயாவது ஆறுதலா இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பினால், கையில் இரண்டு முழம் மல்லிகையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். ஒரு முழத்தைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாய். சீட்டில் வைத்திருந்த மஞ்சள் நூலை, வரிசையைக்கூட முடிக்காமல், அப்படியே பைக்குள் திணித்தாய். மறுநாள் நீ வரவில்லை. அதற்கடுத்த நாள் பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்தேன். நீ பொதுப் பெட்டியில் ஏறி, ஆண்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏழு மாத வயிற்றோடு பஸ் பிடித்துச் செம்பாக்கத்துக்கு வந்தேன். அப்போதெல்லாம் உன் வீட்டு வாசலிலிருந்து ஏரித் தண்ணீர் தெரியும். உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். நீ ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தாய்.

"தப்பா எடுத்துக்காதே. உனக்காகத்தான் பேசினேன்" என்றேன்.

"தெரியும். அந்தம்மா என்ன சொன்னாங்க? என் கை வேணாம்னாங்க. அதை எத்தனையோ பேர் சொல்லியாச்சு, வேணாம்னா போகட்டும். நீ என்ன சொன்னே? நான் சந்தோஷமா செய்யறதைப் பார்த்துட்டு, அது சந்தோஷமே இல்லேன்னுட்டே. இத்தனை நாள் பக்கத்துல உக்காந்து என்னத்தைப் பார்த்தே நீ?"

நான் அழ ஆரம்பித்தேன். நீ விடுவதாக இல்லை.

"குழந்தை இல்லேன்னு எனக்கு அழுகை வர்ற நாள் உண்டு. இந்தப் பத்து நாளும் அப்படித்தான். அந்த மாதிரி நாள்ல நான் ஊசியைத் தொடவே மாட்டேன். தொட்டா கண்ணியெல்லாம் இறுகிப் போயிடும், அப்புறம் பிரிச்சுத்தான் போடணும். நல்லா இருக்கற நாள்லதான் பின்னுவேன். நீ பார்த்ததெல்லாம் நான் நல்லா இருந்த நாள்டீ. அதைப் பார்த்துட்டா நீ பாவம்னே?"

உன் வீட்டுக்காரர் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நம் இருவர் முகத்தையும் பார்த்து, திரும்பிப் போனார். நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாய். "காப்பியைக் குடி. மாசமா இருக்கறவ அழுதா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் நீ வேறு பேச்சுக்குத் தாவினாய்.

அந்தப் புதன்கிழமை நீ நம் பெட்டிக்குத் திரும்பி வந்தாய். சானடோரியம் தாண்டுவதற்குள் மஞ்சள் நூல் வெளியே வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

என் வளைகாப்பு அன்று சூப்பரின்டெண்ட் அம்மா வளையல் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். யார் யார் எந்த வரிசையில் போட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். உன் முறை வந்ததும், "நீ சந்தனம் மட்டும் பூசிடும்மா" என்றார். நீ சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை எடுத்தாய். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அவ போட்டாதான் எனக்கு வளையல். இல்லேன்னா யாரும் போட வேணாம்" என்றேன்.

எல்லோரும் அவரவர் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மாதான் வாயைத் திறந்தார்.

"இன்னாமா இது பேஜாரு? அந்தம்மா போட்டா வளையலு ஒடஞ்சிடுமா? புள்ள கைய கட்டிகினு கீது பாரு. சீக்கிரம் போடுமா, மாம்பலம் வந்தா கூட்டம் ஏறிடும்."

நீ போட்டாய். கைக்கு ஆறு பச்சை வளையல். ஒன்றுகூட உடையவில்லை. சூப்பரின்டெண்ட் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சள் ஸ்வெட்டரை அவர் கண்ணெதிரே வாங்கி என் வயிற்றின் மேல் விரித்து அளவு பார்த்தேன். என் மகள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் வியர்த்து விறுவிறுத்து அழுத படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இத்தனையும் பார்த்த நான்தான் உன் நினைவுக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் அந்த வரியை உருக்கமாக வாசித்தார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் எழுந்து நின்று பேசியிருக்க வேண்டும். முழங்கால் வலி, மைக், முன்பின் தெரியாத சபை, இதெல்லாம் சாக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் இப்போது இப்படிக் கொதிக்கிறது.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு உன் வீட்டுக்காரரிடம் போனேன். தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் மீதி அட்டைகள் அடுக்கியிருந்தன.

"அண்ணா, இதை நீங்க படிச்சீங்களா?"

"கமிட்டியில எழுதிக் குடுத்தாங்கம்மா. நல்லாத்தானே இருக்கு?"

நாற்பது வருடம் உன்னோடு வாழ்ந்த மனிதர். அவரே நல்லாத்தானே இருக்கு என்கிறார். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அந்த வரியை மறுபடி படித்தார்.

"ஆமாம்மா" என்றார் பிறகு. "கையில ஊசி இருந்தா அன்னிக்கு வீட்டுல பாட்டு கேக்கும். குழம்புல உப்பு அதிகமா இருக்கும், அவளுக்கே தெரியாது. எனக்கு ஏதாவது காரியம் ஆகணும்னா, ஊசி கையில இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போய்க் கேப்பேன். எப்படி மறந்தேன் நான்?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேல் அட்டையில் அந்த வரியை அடித்தார். அடுத்ததை எடுத்தார். என் கைப்பையில் இருந்த பேனாவை நானும் எடுத்துக்கொண்டேன். நாற்காலி மடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். செயலாளர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். "தப்பா இருக்குங்க" என்று மட்டும் சொன்னார் உன் வீட்டுக்காரர். அங்கே மீந்திருந்ததை எல்லாம் அடித்துவிட்டோம். முன்னாலேயே வீட்டுக்குப் போன அட்டைகளை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

நேற்று நாவலூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அங்கேதான் அவளுக்கு வேலை. நான் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அலமாரியிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்துவந்து மடியில் வைத்தாள். "ஏதாவது பின்னும்மா. மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றாள்.

அவளுமா என்று இருந்தது. நீ பின்னிய ஸ்வெட்டரைப் போட்டு வளர்ந்த கழுதை. நன்றாகத் திட்டிவிட்டேன். பயந்துபோய், வேறு என்னதான் செய்யட்டும் என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார், நான் அழுகிறேன் என்றேன். உட்கார்ந்தாள். அழுதேன்.

அழுது முடித்ததும் ஊசியை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். நீ போனதிலிருந்து நான் அதைத் தொடவில்லை. இனி ஒரு நாள், எனக்கே தெரியாமல், காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ வாயில் ஏதாவது பாட்டு வரும். அன்றைக்குத் தொடுவேன்.